எந்தக் கை

தேவாலாவில் மழை நின்றால்தான் செய்தி.
அன்றைக்கு நிற்கவில்லை.
நீலப் பெட்டிக்குள் நான்கு பனிக்கட்டிப் பைகள்,
சுமந்த தோள் அவற்றைவிடக் குளிர்ந்திருந்தது.
ஏழாம் நம்பர் லயத்துக்கு ஏறும் பாதையில்
யானை போட்டுப்போன லத்தி ஆவி விட்டது.
ஓரமாகச் சுற்றி நடந்தேன்,
குப்பி உடையக் கூடாது.

யோகமலர் எடைக்கொட்டகையில் இருந்தாள்.
ஆறு மாதம்.
படங்கை வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டியதில்
கயிறு விலாவில் பதிந்திருந்தது.
பெட்டியைப் பார்த்ததும்
கூடையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.
"ஊசிமலைக்குக் கீழ பொழைக்க வந்துட்டு
ஊசிக்குப் பயந்தா எப்படி?"
யாரோ சொல்ல, ஊசி போட்டுக்கொண்ட ஒன்பது பேரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

எனக்கு மனப்பாடம்.
கொரோனாவுக்குக் கர்ப்பிணிகளும் போடலாம்,
உனக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது,
ஒன்றும் ஆகாது.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே என்னைச் சுட
ஒன்றும் ஆகாது என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"மருந்துதானே சிஸ்டர்?"
மருந்துதான் என்றேன்.

"போன தடவை நாலாம் மாசம்.
பன்னெண்டாம் காட்டுல மருந்து அடிச்சாங்க.
காத்து எங்க பக்கம் திரும்பிருச்சு.
கண்ணு எரியுதுன்னோம்.
ஒன்னும் ஆகாது, நெரையை விட்டு நகராதீங்கன்னாரு மேஸ்திரி.
பத்தாம் நாளு..."
கூடை விளிம்பில் ஒட்டியிருந்த இலையைப் பிய்த்தாள்.
"அன்னைக்கு ஒருத்தரும் என்னைக் கேக்கல.
இப்ப நீங்க வந்து கேக்குறீங்க.
கேக்குறதுதான் சிஸ்டர் பயமா இருக்கு."

அதனால்தான் போயிற்று என்று எந்தச் சீட்டிலும் இல்லை.
அதனால் இல்லை என்றும் இல்லை.
என் பதிவேட்டில் இருப்பது
'மறுப்பு' என்று ஒரு கட்டம்,
காரணம் எழுத அரை விரல் அகலம்.

தேயிலைக்கு அடிப்பதும் மருந்து,
பிள்ளைக்குப் புகட்டுவதும் மருந்து.
கடைசி வீட்டுக்காரி மருந்து குடித்தாள் என்றால்
பிழைக்கத்தான் குடித்தாள் என்று
இங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.
அந்த ஒரே சொல்லைத்தான்
நானும் பனிக்கட்டி போட்டுத் தூக்கி வந்திருக்கிறேன்.

கொளப்பள்ளியிலிருந்து கோவைக்கு ஆம்புலன்சில் போய்த்
திரும்பாத ஒருத்தியின் பெயர் நாக்கு வரை வந்தது.
எட்டு மாதம் அவளுக்கு.
சொல்லியிருந்தால் இவள் உடனே கையை நீட்டியிருப்பாள்.
விழுங்கினேன்.

"காய்ச்சல் வரும்" என்றேன்.
"ஒரு ராத்திரி, சில பேருக்கு ரெண்டு.
கை கல்லா கனக்கும்.
மறுநாள் கொழுந்துக்குப் போக முடியலன்னா கூலி போகும்.
காய்ச்சலுக்கு மாத்திரை தருவேன்,
கூலிக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

அப்போதுதான் நிமிர்ந்தாள்.
"ஒன்னும் ஆகாதுன்னீங்க?"
"அவசரத்துல சொன்னது."

"நீங்க போட்டுக்கிட்டீங்களா?"
போட்டுக்கொண்டேன்.
"வயித்துல இருக்கறப்பவா?"

பன்னிரண்டு வருஷமாக என் வயிற்றில் எதுவும் தங்கியதில்லை.
இந்த லயங்களில் யாரிடமும் சொன்னதில்லை,
சொன்னால் பிள்ளைத்தாச்சி வீட்டில் தண்ணீர்கூடத் தர யோசிப்பார்கள்.
அவளிடம் சொன்னேன்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.
கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.
"உள்ள தள்ளி நில்லுங்க, சாரல் அடிக்குது."
பிறகு விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
"சனிக்கிழமை சாயங்காலம் வாங்க.
ஞாயித்துக்கிழமை கூலி கெடையாது,
காய்ச்சல் வந்துட்டுப் போகட்டும்."

திறந்த குப்பியில் ஓர் ஆளுக்கு மிச்சம் இருந்தது.
நேரம் முடிந்ததும் எடுத்து ஒதுக்கினேன்.
அரை விரல் அகலத்தில் 'சனி' என்று எழுதினேன்.
மேலதிகாரி படித்தால்
வேறு ஏதோ தோஷம் என்று நினைக்கக்கூடும்.

பாதி இறக்கத்தில் கூப்பிட்டாள்.
"சிஸ்டர், எந்தக் கையில போடுவீங்க?
ரெண்டு கையாலயும்தான் கிள்ளுறேன்."

எப்போதும் இடது கை என்றுதான் சொல்வேன்.
யோசித்துக்கொண்டே இறங்கினேன்.