தோன்றா எழுவாய்

கிரிம்ஸ்பியில் காலை நான்கு மணி என்பது
மீன் வாசம் அடிக்கும் ஓர் இருட்டு.
எனக்கு நாற்பத்தொரு வயது.
பதினாறில் கோட்டைவிட்ட பாடத்தை
செவ்வாய் மாலைகளில் போய் மறுபடி படிக்கிறேன்.
மகன் ரீஸ் சிரிக்கவில்லை.
அதுவே பெரிது.

அட்டைப்பெட்டியைக் கிழித்து
சொல்லுக்கு ஒரு சீட்டு.
ஈரத்தில் மை ஓடாமலிருக்க
ரொட்டி சுற்றும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி
கன்வேயர் ஓரத்தில் ஒட்டிவைப்பேன்.
ஹாடக் வரும். தலை, செதில், முள்.
நிமிர்ந்தால் ஒரு சொல்.

உவமையில் 'போல' இருக்கும்;
உருவகத்தில் அந்த முள்ளை எடுத்துவிடுவார்கள்.
(இது புத்தகத்தில் இல்லை.
கத்தியோடு நிற்கும்போது எனக்கே தோன்றியது.)

தொனி சுலபம்.
"அட, நேரத்துக்கு வந்துட்டியே லியான்" என்பார் ஃபோர்மன்.
சொல் பாராட்டு. தொனி அரைமணிச் சம்பளம்.

முரண்நகை பிடிபட மூன்று வாரம் ஆயிற்று.
மீன் தொழிற்சாலை கேன்டீனில்
வெள்ளிக்கிழமை தோறும் கோழி வறுவல்தான் என்று
பக்கத்து மேசை ரூதா அலுத்துக்கொண்டபோது
கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.
லிதுவேனியாவில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்றேன்.
"பசி" என்றாள்.

'விளக்குக' வேறு, 'விவரிக்க' வேறு.
இருபத்தைந்து வருஷமாக யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.
அல்லது சொன்னார்கள்,
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தது சினையாகுபெயர்.
சீட்டில் அடங்காத சொல்,
நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதினேன்.
உறுப்பைச் சொல்லி ஆளைக் குறிப்பது.
'தலைக்கு ஐந்து பவுண்டு' என்றால்
பணம் கேட்பது தலை அல்ல.
புரிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, கையுறை மாட்டும் இடத்தில்
ஒரு தாள் ஒட்டியிருந்தது.

*உற்பத்தித் தேவை கருதி இருபது கைகளைக்
குறைக்க முடிவு எடுக்கப்பட்டுள்ளது.
விடுவிக்கப்படுவோருக்குத் தனியே தெரிவிக்கப்படும்.
வருந்துகிறோம்.*

எல்லோரும் இருபதை வாசித்தார்கள்.
நான் கையை வாசித்தேன்.
ரூதா கணக்கில் புலி:
"இருபது கைன்னா பத்துப் பேர்தானே?"
யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

கையைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வரும்
ஒரு தோள், ஒரு முதுகுவலி,
வாடகை பாக்கி, ரீஸின் பல் கம்பி,
தேர்வுக் கட்டணத்தின் இரண்டாம் தவணை.
அத்தனையும் ஒரு கைக்குள் மடித்து வைத்த
அந்தச் சொல்லின் சிக்கனத்தை
என் ஆசிரியை பார்த்திருந்தால்
முழு மதிப்பெண் கொடுத்திருப்பாள்.

இடைவேளையில் சிவப்புப் பேனாவோடு போனேன்.
'கைகள்': அடிக்கோடு. *சினையாகுபெயர்.*
'விடுவிக்கப்படுவோர்': *மங்கலம். என்னை யாரும் கட்டிப்போடவில்லை.*
'எடுக்கப்பட்டுள்ளது': *செயப்பாட்டு வினை. யாரால்?*
'வருந்துகிறோம்' பக்கத்தில் வெகுநேரம் நின்றேன்.
'நாங்கள்' எங்கேயும் இல்லை.
தேடினேன், தாளின் பின்பக்கம்கூடப் பார்த்தேன்.
எழுதினேன்: *தோன்றா எழுவாய்.*

துணிச்சல் என்று அதைச் சொல்ல மாட்டேன்.
எழுதி முடித்ததும் கழிப்பறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தாள் அங்கேயே இருந்தது.
என் 'யாரால்?' அடியில்
சாய்ந்த பென்சில் எழுத்தில், எழுத்துப் பிழையோடு,
யாரோ பதில் எழுதியிருந்தார்கள்:
*மூன்றாம் மாடி.*

அதற்குக் கீழே நான் திருத்தவில்லை.
இடவாகுபெயர் என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.
ஏப்ரன் நாடாவை முடிந்தபடி ரூதா கேட்டாள்:
"அந்த நீளமான சொல், கை பத்தினது,
எப்படி உச்சரிக்கணும்?"

மணி அடித்தது. பெல்ட் நகர்ந்தது.
சி-னை, என்றேன்.
முதலில் சினை.