மிச்சம்

நாங்கள் இருக்கும் ஊரைத் தமிழில் எழுதினால்
மிச்சம் என்று வரும்.
வந்த புதிதில் கடிதத்தில் விலாசம் எழுதும்போதெல்லாம்
சிரித்தேன். பிறகு பழகிவிட்டது.

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை.
பள்ளிக்கூடத்தின் பக்கக் கதவு, பழைய இசை அறை.
பியானோவைச் சுவரோடு தள்ளி
அதன் மூடிமேல் பாஸ்தாவும் கடலை டின்னும் அடுக்கியிருக்கிறோம்.
யாராவது டின்னைப் பொத்தென்று வைத்தால்
உள்ளே ஒரு கம்பி முனகும்.

எதிர்ப்பக்கம் ஊதா ஸ்வெட்டர்கள்.
கழுத்துப் பட்டியில் ஒரு பெயர், அதன்மேல் கோடு,
இன்னொரு பெயர், அதன்மேலும் கோடு.
மூன்று பிள்ளைகளின் முழங்கை தேய்த்த ஒரே கை.

மதியச் சாப்பாட்டு மேசைகளைப் பார்த்துக்கொள்வதற்கு
எனக்குச் சம்பளம் உண்டு. இதற்கு இல்லை.
முதல் நாளே மிஸ் அடெயெமி சொன்ன விதி ஒன்றுதான்:
ஏன் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது.
ஊர் எது, ஆருடைய மகள், வாடகையா சொந்த வீடா
என்று கேட்டே வளர்ந்த வாய் இது.
கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நவம்பர் மழையில்
தவநேசன் அண்ணை உள்ளே வந்தார்.
மோர்டனில் ஒரு சாமத்தியவீட்டில்
கையில் ரோல்ஸோடு அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை:
"கையேந்தித் தின்னுற சனமாப் போச்சு, எங்கட சனம்."
அவர் நின்ற பெட்ரோல் ஸ்டேஷன் கைமாறியது
எல்லோருக்கும் தெரியும்.
தெரியாத மாதிரி இருக்கவும்
எல்லோருக்கும் தெரியும்.

"ஏதும் குடுக்கிறதெண்டால் ஆரிட்டக் கேக்கிறது?"
என்றார், பியானோவைப் பார்த்து.
கோட்டுப் பையிலிருந்து
மடித்த வெறும் பையின் காது எட்டிப் பார்த்தது.

ஒரு கணம் எனக்கு ருசித்தது.
பொய் சொல்ல மாட்டேன்.
அந்த ரோல்ஸின் உறைப்பு அப்போதுதான்
நாக்கில் ஏறியது.

பிறகு அவர் மகள் ஆரபி ஞாபகம் வந்தாள்.
பாவாடையில் இரண்டு தடவை மடிப்பு அவிழ்த்த கோடு.
வெள்ளிக்கிழமைகளில் மட்டும்
ஒரு துண்டுப் பாணை டிஷ்யூவில் சுற்றி
சட்டைக் கைக்குள் விடுவாள்.
நான் அந்த நேரம் ஜன்னலைப் பார்ப்பேன்.

"அண்ணை, உங்கட ரோட்டில ஒரு குடும்பம்.
இஞ்ச வரக் கூச்சப்படுதுகள்.
போகேக்க இதைக் குடுத்துவிடுவியளே?"

அரிசி, பால், டின் மீன், சவர்க்காரம்.
நிரப்பிக்கொண்டே இருந்தேன்.
அவர் நெடுநேரம் பேசவில்லை.
"எத்தினையாம் நம்பர்?"

நம்பரை நான் யோசித்திருக்கவில்லை.
கொடியில் தொங்கும் ஸ்வெட்டர்களை எண்ணுகிறவள் மாதிரி
விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்ல," என்றார்.
"எனக்கு அந்த வீடு தெரியும்."

பையைத் தூக்கினார். வைத்தார்.
"மூத்தவளுக்கு ஸ்வெட்டர் கையெட்டாமப் போச்சு…
எண்டு கேள்வி."

"எத்தினை வயசாம்?"

"ஒன்பது. வாற மாசம் பத்தாம்."

பதினொரு வயது அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
வளரட்டும், அந்த வீட்டுப் பிள்ளை.

இப்போது வியாழன்தோறும் வருகிறார்.
ஆடுகிற தட்டுக்கு ஆணி அடித்தார்.
நாங்கள் மழையைப் பற்றிக் கதைக்கிறோம்.
பதிவேட்டில் குடும்பத்தின் பெயர் என்ற இடத்தில்
அந்த வீடு என்று தமிழில் எழுதுகிறேன்.
மிஸ் அடெயெமி ஒருநாள் அதை உற்றுப் பார்த்தார்,
பக்கத்தைத் திருப்பினார்.

மாசியில், ஜாம் போத்தல் ஒன்றில்
வறுத்து இடித்த தூள் கொண்டுவந்தார்.
"அந்த வீட்டுக்காரர் தந்துவிட்டவை.
இஞ்ச உறைப்பா ஒண்டும் இல்லையாம்."

மூடியைத் திறந்து பார்த்த காவலாளி ஸ்லாவெக்
ஐந்து தடவை தும்மினார்.
துண்டுக் காகிதத்தில் மூன்று மிளகாய் வரைந்து
போத்தலில் ஒட்டினேன்,
பியானோமேல் வைத்தேன். கம்பி முனகியது.

நாலு மணிக்குப் பார்த்தேன்.
போத்தல் இருந்த இடத்தில்
சிவப்பாய் ஒரு வட்டம்.