அடுத்த தோட்டத்துக் கிணறு

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
மாத்திரை முழுங்கறது, ரசம், மோரு,
எல்லாம் அதுக்குள்ளயே அடங்கோணும்.
மயிலாத்தா பாட்டில்ல நகப்பூச்சுல
கோடு போட்டு வெச்சிருக்கா.
உச்சிக்கு முன்னாடியே
ரெண்டாவது கோட்டுக்கு வந்தர்றேன்.

இருபத்தாறு வருசம் ரிக் வண்டி.
திருச்செங்கோட்டுல ஏறுனா
ராய்ச்சூர், விதர்பா, சத்தீஸ்கர்.
மழைக்குத்தான் ஊரு.
இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை,
ராத்திரி ஓட்டறதுக்கு முந்தி இன்னொண்ணு.
சீட்டு யாரு கேட்டா?
சுகர் அப்பவே இருந்திருக்குது.
தாகம் வந்துச்சு, குடிச்சேன்.
தண்ணிக்குத் தொளை போடற வண்டியில
தாகத்தைப் போயி
யாரு நோய்னு நெனைப்பா?

மொதல்ல போனது கண்ணு.
கம்ப்ரசர் மீட்டர்ல முள்ளு ரெண்டாத் தெரிஞ்சுது,
அப்பறம் முள்ளே இல்ல.
லைட் அடிச்சுப் பாத்த கண்ணாஸ்பத்திரிப் பையன்
ஒண்ணுக்கு நொரைக்குதுங்ளான்னு கேட்டான்.
கண்ணுக்கு வந்தவனை
இதையெதுக்குக் கேக்கறான்னு
வெளிய வந்து சிரிச்சேன்.

சிரிச்சது ஆடி மாசம்.
தையில காலு வீங்கி
செருப்பு வார் பதிஞ்ச பள்ளம் எந்திரிக்கவேயில்ல.
ஈரோட்டு டாக்டரம்மா
கண்ணுச் சீட்டு, ரத்தச் சீட்டு, நெஞ்சுப் படம்
மூணையும் மேசையில ஒண்ணா விரிச்சாங்க.
சன்னக் கொழாயைச் சுகர் அரிச்சா
அங்கயும் அரிக்கும் இங்கயும் அரிக்குமுங்க.
கிட்னி கெட்டா பிரசர் ஏறும்,
பிரசர் ஏறுனா மிச்சக் கிட்னியும் போகும்,
எறைச்சு எறைச்சு நெஞ்சு ஓஞ்சுரும்.
எல்லாம் ஒரே சங்கதிதானுங்க.

எனக்கா புரியாது?
குமரமங்கலத்துல எண்ணூறடி எறக்கிக் குடுத்தேன்.
நாலாம் நாளு
அடுத்த தோட்டத்துக் கிணறு வத்திப் போச்சு.
கிணத்துக்காரர் பொன்னுக்குட்டி
வண்டியை மறிச்சு நின்னாரு.
கையில கிணத்துச் சேறு.
உங்குளுது வேற நீரோட்டம்,
இது வேறயுங்கன்னு சொன்னேன்.
சொல்லிட்டு கியரைப் போட்டேன்.

இடது கையில ரெண்டு ரத்தக்கொழாயைச்
சேத்துத் தெச்சிருக்காங்க.
உள்ள கரகரன்னு ஓடிட்டே இருக்கோணும்,
நின்னா ஒடனே வரோணுமாம்.
விடியக்காத்தால மயிலாத்தா
காதை வெச்சுக் கேக்கறா.
தூரத்துக் காட்டுல
கம்ப்ரசர் ஓடற மாதிரி இருக்குதாம்.
வண்டியில என் கூட
ஒரு நாளும் வந்ததில்ல அவ.

போன செவ்வா
மூணாம் பெட்டுல புதுசா ஒரு ஆளு.
சாயப்பட்டறை வேலை, பிரசர்ல ஆரம்பிச்சுதாம்,
சொந்த ஊரு குமரமங்கலம்.
பொன்னுக்குட்டியைத் தெரியுங்ளான்னு
கேக்க வாயெடுத்தேன்.
நர்ஸம்மா எடைக்குக் கூப்புட்டுது.

ரெண்டு கிலோ முந்நூறு கூட.
ஏனுங்க அர்த்தநாரி,
தண்ணி குடிச்சீங்ளா?

இல்லீங்கன்னேன்.