இன்னொரு பூஜ்யம்

பெரியாரில் இறங்கும்போது பையில் மூன்றே சாமான்:
மீட்டர்,
செத்த ரேடியோவின் ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தம்,
ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்று.
டவுன் பஸ்ஸில் பெண்களிடம் காசு கேட்பதில்லை,
அதனால் தாள் முழுசாக இருந்தது.

நாகூர்கனி கடையில் கண்ணாடிக்குக் கீழே
சிவப்பும் கறுப்புமாய்ச் சுருண்டு கிடக்கின்றன.
அறுபதுக்கு ஒரு ஜோடி, நூற்றெண்பதுக்கு ஒரு ஜோடி.
பூட்டிய அலமாரிக்குள் ஒன்று, ஆயிரத்து எண்ணூறு.
அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

"இத எடுங்கக்கா, ஆயிரம் வோல்ட்டு தாங்கும்.
அதுலயே எழுதிருக்கு பாருங்க."
எழுதித்தான் இருக்கிறது.
அச்சு மை எந்த வோல்ட்டையும் தாங்கும்.

காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.
அறுபது ரூபாய் ஒயர் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது,
கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் மாதிரி.
உள்ளே இரும்பு. மேலே செம்புப் பூச்சு.
நாகூர்கனி சிரிக்கவில்லை.
"வாங்க வந்தீகளா, பரிச்ச வைக்க வந்தீகளா?"

போன மாதத்தை அவரிடம் சொல்லவில்லை.

பாலமேட்டுக்கு மேற்கே, சோலைமலை கிணறு.
மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை.
மெயினை இறக்கிவிட்டேன் என்றார்.
ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து முனைகளை வைத்தேன்.
பூஜ்யம்.
அடுத்த பேஸ், பூஜ்யம். மூன்றாவதும்.
ஸ்க்ரூடிரைவர் திருகில் உட்காரப் போகும்போது
பெட்டிக்குள் ஓர் உறுமல்,
தீப்பெட்டியில் அடைத்த வண்டு போல.
செத்த பெட்டி முனகாது.
அவர் இறக்கியது பம்ப் ரூம் லைட்டின் ஸ்விட்சை.

ராத்திரி பிளேடால் கீறிப் பார்த்தேன்.
சிவப்பு ஒயரின் கழுத்தில்
தோல் முழுசாய் இருந்தது, கம்பி இரண்டாய் இருந்தது.
கரண்டு இல்லை என்பது ஒரு பூஜ்யம்.
கேட்டுச் சொல்ல ஆள் இல்லை என்பது இன்னொரு பூஜ்யம்.
மீட்டருக்கு இரண்டும் ஒரே வட்டம்.

நூற்றெண்பது ஜோடியை மீட்டரில் சொருகி
முனையோடு முனை தொட்டேன். பீப்.
கழுத்தை மடக்கினேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று, ஏழு, நாற்பத்தொன்று,
ஏலம் போட்ட மாதிரி ஏறியது எண்.
வேண்டாம்.

"இருங்க," என்று உள்ளே போய் எடுத்து வந்தார்
ஒரு ஜோடி, பெட்டி இல்லாதது, நானூற்றைம்பது.
சிலிக்கான் ஒயர், இடியாப்ப மாவு போல் தொய்ந்தது.
விரல் வழுக்காமலிருக்க ஒரு வரப்பு.
முனையில் உலோகம் நெல்மணி அளவுதான் வெளியே,
இரண்டு பேஸை ஒன்றாய்த் தொட நீளம் போதாது.
சொருகும் பக்கமும் பித்தளை தெரியவில்லை.
சிவப்புத் தோலுக்கு அடியில் வெள்ளைத் தோல்,
தேய்ந்தால் வெள்ளை எட்டிப் பார்க்கும்.
காந்தம் சும்மா இருந்தது.
மடக்கினேன், முறுக்கினேன். எண் அசையவில்லை.

"சால்டரிங் வச்சுப் பாக்கட்டா?"
"எக்கா!"

நானூற்று முப்பதுக்கு முடிந்தது.
முதலைக் கிளிப் இரண்டு சும்மா கொடுத்தார்.
அதில் காந்தம் ஒட்டியது.
சும்மா கொடுப்பது இரும்பாக இருக்கலாம்.

அவரிடமே கட்டர் வாங்கிப்
பழைய ஜோடியை நாலைந்து துண்டாக நறுக்கினேன்.
குப்பையில் முழுசாய்க் கிடந்தால்
யாராவது எடுத்துப்போய் நம்பிவிடுவார்கள்.

மறுநாள் மறுபடி சோலைமலை கிணறு.
பெட்டியைத் தொடுமுன்
லைட்டு ஸ்விட்சுக்குக் கீழிருந்த பிளக்கில் முனைகளைச் சொருகினேன்.
இருநூற்று இருபத்தாறு.
"லைட்டுதான் எரியுதேம்மா,
அங்க எதுக்குப் பாக்குற?"
"இருக்கத இருக்குன்னு சொல்லுதான்னு பாக்குறேன்."