ஏழாவது குழி

எங்கள் தொழிலில் பள்ளத்துக்குப் பேர் வானம்.
"வானம் பறிச்சாச்சா?" என்று கேட்டால்
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

சாமளாபுரம் தாண்டி, தறிச்சத்தம் மெலியும் வளைவில்
கிட்டுசாமி வாங்கிய ஐந்தே கால் சென்ட்.
ஒன்பது தூண், ஒன்பது குழி.
நான் கம்பி கட்டுகிறவன்.
குழி எனக்கு முன்னால் வர வேண்டும்,
காங்கிரீட் எனக்குப் பின்னால்.
நடுவே கிடைக்கும் ஒன்றரை நாள்தான் பிழைப்பு.

முதல் குழியில் மூன்றடி கருமண்,
மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற சாதி.
அதன் கீழே சுக்கான்.
ஐந்தடியில் கடப்பாரை ணங்கென்றது.
"இது போதுமுங்" என்றார் பொக்லைன் ராக்கியப்பன்.
இரண்டு, மூன்று, நான்கு, அதே ணங்.
ஆறில் பாறை தலைகாட்டி
இரண்டு மணி வாடகையைத் தின்றது.

ஏழு சத்தமே போடவில்லை.

ஐந்தடி. ஏழடி.
பொக்லைன் கையில் வந்தது மண்ணல்ல,
சைக்கிள் டயர், பச்சைப் பாட்டில்,
சாயம் போகாத நூல் கழிவு,
பிளாஸ்டிக் குடத்தின் இடுப்பு மட்டும்.
ஒன்பதில் ஈரம்.
பத்தில், கிழக்கோரம்,
வளைத்து அடுக்கிய கருங்கல்.

"கெணறுங்க" என்றேன்.

கிட்டுசாமி புரோக்கர் குப்பணனுக்குப் போன் போட்டார்.
ஸ்பீக்கரில் குரல் சிரித்தது:
"அதெல்லாம் அப்பவே ரொப்பியாச்சுங்.
கெட்டிபட்டுக் கெடக்குமுங்."

பத்திரத்தில் நான்கு எல்லை இருந்தது.
ஆழத்துக்கு எல்லை எழுதும் வழக்கம் இல்லை.

"ரெண்டு லோடு ஜல்லியக் கொட்டி
மேல ஊத்திரலாமா?"
கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.
நான் கம்பியைப் பார்த்தேன்.
மங்கரு, என் கையாள், ஜார்கண்ட்காரன்,
யாரையும் பார்க்காமல் ஒரு கல்லை உள்ளே போட்டான்.
பொத்.
அவ்வளவுதான் பதில்.

நான்கு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தாள்
எஞ்சினியர் கருணாம்பிகை.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, திட்டவில்லை.
பத்து எம்எம் கம்பி ஒன்றை வாங்கி
நிரப்பிய மண்ணில் நிறுத்தி, கையால் அழுத்தினாள்.
இடுப்புவரை இறங்கியது.
"கையில எறங்குற எடத்துல
வீட்ட எறக்க முடியாதுங்கண்ணா."

சிமெண்ட் மூட்டைத் தாளின் பின்புறம்
ஒரு வட்டம் போட்டாள், ஒன்பதடி.
வட்டத்துக்கு வெளியே, ணங்கென்னும் மண்ணில்,
இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்.
இரண்டையும் இணைத்து மேலே ஒரு பெரிய பீம்.
ஏழாவது தூண் பீமின் முதுகில் நிற்கும்.
நடுவில் பாரம் ஏறினால் அடிவயிறுதான் இழுபடும்,
அங்கே ஆறு கம்பி, இருபத்தைந்து எம்எம்.
பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே
நான்கு விரற்கடை சந்து.
மண் உப்பினாலும் முட்டக் கூடாது,
உள்வாங்கினாலும் கூடவே இழுக்கக் கூடாது.

ஒன்பது குழி பத்தானது.
செலவு ஒன்றே முக்கால் லட்சம் ஏறியது.
கிட்டுசாமியின் மனைவி சிந்தாமணி
செல்போனில் ஏதோ தட்டி,
மாடிப்படியை அழித்தாள்.
அழவில்லை. அடுத்து
பால்கனியையும் அழித்தாள்.

மூன்று நாள் அந்த வயிற்றில் குனிந்து கிடந்தேன்.
கட்டுக்கம்பி விரலைக் கீறியது.
கீழே விரித்த தெர்மாகோல் தாள்
மிதித்தால் முனகியது.
கவர் பிளாக் ஒவ்வொன்றையும் இருமுறை தொட்டுப் பார்த்தேன்,
வேறு எங்கும் நான் அப்படிச் செய்ததில்லை.
வைப்ரேட்டர் உறுமிய ராத்திரி
மங்கரு மட்டும் பீமின் பக்கவாட்டில் காது வைத்து
என்னமோ கேட்டான்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

வீடு எழுந்துவிட்டது, படியில்லாமல்.
அந்தத் தூண் வரவேற்பறையில் வருகிறது.
அதில் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

ஏழாம் நம்பருக்கென்று முதலில் கட்டி வைத்த மேட் கம்பி,
ஐந்தடிக்கு ஐந்தடி,
எந்தக் குழிக்கும் பொருந்தாமல்
வேலியோரம் சாய்ந்திருக்கிறது.
அவரைக்கொடி ஏறிக் காய்த்திருக்கிறது.
அதற்கு மட்டும் கூலி பாக்கி.