ஏழாவது காரணம்

பெர்கனில் டிசம்பர் வந்தால் மூன்றரைக்கே விளக்குப் போடணுமாம்.
வெயிலும் கடலும் உள்ள ஊராய்,
மூன்று மாசம் தங்குகிற மாதிரி
பார்த்துச் சொல்லு என்கிறான் ஞானதுரை.
மதுரை வேண்டாம்.
அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டான்.

அவனியாபுரத்து மொட்டை மாடியில்
காயாத போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
மொரீஷியஸ்: புயல் மாசம், வாடகையும் கூட.
மஸ்கட்டில் ராத்திரி குளிருமாம்.
பினாங்கில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.
அடித்துவிட்டேன்.

நீர்கொழும்பு என்று எழுதி
இரண்டு கோடு போட்டேன்.
முழங்கால் வலிக்கு இதமான தண்ணீர்,
தமிழ் பேசுகிற டாக்டர்,
அடுப்போடு அறை, கருவாடு, சோறு,
கடற்கரைக்கு நடக்கிற தூரம்.
ஆறு காரணம் அனுப்பினேன்.

ஏழாவது
தினம் எங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசுவதுபோல்
தாழ இறங்குகிறது.
கொழும்பிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.
சத்தம் தாங்காமல் அம்மா காதைப் பொத்துகிறாள்.
எந்த ஊர் விமானமென்று
அவளிடமும் சொல்லவில்லை.

ராத்திரி பதில் வந்தது:
சரி, அதையே பேசி முடி.
கட்டில் ஒன்று கூடுதலாகக் கிடைக்குமா,
கேள்.
உயரம் குறைவானதாக.