கறவைக்கு முன்

ரத்தம் காலையிலேயே கொடுக்க வேண்டுமாம்,
பொழுது ஏற ஏற அந்த ஹார்மோன் இறங்கிவிடுமாம்.
அறுபது மாடுகளையும் இருட்டிலேயே கறந்துவிட்டு
லீவார்டனுக்கு வண்டியை விரட்டினான் ஷூர்ட்,
முழங்கையில் காயாத சாணியோடு.

டெஸ்டோஸ்டிரோன் தரைதட்டிக் கிடக்கிறது என்றாள் டாக்டர்.
புரோலாக்டின் மட்டும் கூரைக்கு மேல்.
மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி,
அதுதான் சுரக்கிறதாம்.
"எதற்கான சுரப்பு அது?"
"பாலுக்கு."
முப்பது வருடம் பால் கறந்தவன்
"பாலுக்கா?" என்றான் மறுபடி.

இரண்டு வருடமாக
அவன் சட்டைகளை மோந்து பார்த்திருக்கிறேன்,
இன்னொருத்தி வாசனைக்காக.
வைக்கோல். டீசல். மாடு.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த முதுகிடம்
எதுவும் கேட்டதில்லை.

திரும்பும் வழியில்
கடலணை மேல் வண்டியை நிறுத்திச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
"ஆசை போனதே தெரியலையா உனக்கு?"
"பசிக்காதவனுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியுமா, விட்ஸ்கே?"

வாரத்துக்கு இரண்டு மாத்திரை.
கிறிஸ்துமஸ் போனது, ஒன்றுமில்லை.
பிப்ரவரியில் ஒரு விடியல்
தோளில் உரசியது தாடி முள்;
முன்பைவிடச் சொரசொரப்பு.

கொட்டகையில் மாடுகள் கத்தத் தொடங்கின.
கத்தட்டும்.